ஐம்பத்தைந்து வயதில் ஒரு பழைய ஆர்.எக்ஸ்.இஸட்

தோட்டத்து இளைஞர்கள் பலருக்கு ஒரு காலத்தில் கனவாக இருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறோம். யமாஹா ஆர்.எக்ஸ்.இஸட் என்னும் வண்டிதான் அது. 1980-களின் நடுவில் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. அந்த ஆண்டோடு புதிய வண்டி வருவது நின்றுபோனது. ஆனால் வண்டியின் மீதிருந்த ஆசை நிற்கவில்லை. 2024-இல் திரெங்கானுவில் நடந்த ஆர்.எக்ஸ்.இஸட் கூட்டத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வண்டியோட்டிச் சென்றதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

1990-இல் இருபது வயதாக இருந்த ஒருவருக்கு இன்று ஐம்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. அந்த வயதில் அவர் பால்மரம் வெட்டியிருப்பார், அல்லது செம்பனைக் குலை தள்ளியிருப்பார். அப்பாவின் பழைய ஹோண்டா கப் வண்டியில் கடைக்குப் போய் வந்திருப்பார். ஆர்.எக்ஸ்.இஸட் ஒன்று தோட்டத்துச் செம்மண் சாலையில் புழுதி பறக்கப் போனால் நின்று பார்த்திருப்பார். வாங்க முடிந்திருக்காது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், பள்ளிச் செலவு, வீட்டுக்கடன். இப்போது ஐம்பத்தைந்து வயதாகி ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய ஆசை தலைதூக்குகிறது.

அந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாற்பது ஆண்டு உழைத்தவர் தன் பணத்தில் தனக்குப் பிடித்த ஒரு பொருளை வாங்குவதில் தவறென்ன? ஆனால் இது சேமநிதிப் பணம்; மறுபடி சம்பாதிக்க முடியாத பணம். நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ்.இஸட் இன்று 10,000 வெள்ளிக்கு மேல் விலை பேசப்படுகிறது. அந்தப் பணத்தைக் கொடுத்து, வெளியே பளபளக்கும் சாயமும் உள்ளே தேய்ந்த இஞ்சினும் உள்ள வண்டியை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டால், அதன் பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே என்ன பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எப்படிச் சீராக்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். தாய்மார்களும் கேட்க வேண்டிய விஷயம் இது. பணம் குடும்பத்தினுடையது.

முதலில் இந்த வண்டியின் பலம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்தால் எந்த இடத்தில் தேயும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

ஹோண்டா கப் போன்ற வண்டிகள் நான்கு வீச்சு இஞ்சின் உள்ளவை. பிஸ்டன் இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்தால்தான் ஒரு தடவை பெட்ரோல் வெடித்துச் சக்தி தரும். ஆர்.எக்ஸ்.இஸட் இரண்டு வீச்சு இஞ்சின். பிஸ்டன் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தாலே ஒரு வெடிப்பு. அதனால்தான் 133 சி.சி. மட்டுமே கொண்ட சிறிய இஞ்சினிலிருந்து 20 குதிரைத்திறனை ஒட்டிய பலம் கிடைக்கிறது. பழைய 70 சி.சி. கப் வண்டியின் பலம் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

நான்கு வீச்சு இஞ்சினில் வால்வுகள் திறந்து மூடும். இதில் சிலிண்டர் சுவரில் வெட்டிய துவாரங்கள்தான் வாசல்கள். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அந்த அறையில் கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துவாரங்கள் வழியாக மேலே பீறிட்டுப் போகிறது. ஆகவே கீழே உள்ள கிராங்க் அறை காற்றுப் புகாமல், காற்றுப் போகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். சைக்கிள் பம்பின் உள்ளே இருக்கும் தோல் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாது அல்லவா? இந்த இஞ்சினும் அப்படித்தான்.

புகைக்குழாய்க்கும் இதில் ஒரு வேலை உண்டு. நடுவில் வயிறு பெருத்து, கடைசியில் ஒடுங்கியிருக்கும் அந்தக் குழாயை அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. புகை வெளியேறும்போது கொஞ்சம் புதிய கலவையும் கூடவே ஓடிப்போகப் பார்க்கும். குழாயின் ஒடுங்கிய பகுதியில் மோதித் திரும்பி வரும் அழுத்த அலை, வாசலுக்கு ஓடிய பிள்ளையைத் தாய் பிடித்து உள்ளே தள்ளுவதுபோல அந்தக் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. இந்த அலை சரியான நேரத்தில் வந்து சேருவது இஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான். ஆர்.எக்ஸ்.இஸட் ஓட்டியவர்கள், மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று பாய்ந்தது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாய்ச்சலின் ரகசியம் இதுதான்.

இப்போது வண்டி பார்க்கப் போவோம்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இது என் பிடிவாதமான கருத்து. இஞ்சின் கெட்டிருந்தால் காசு கொடுத்து மாற்றலாம். காகிதம் கெட்டிருந்தால் எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாது. கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றில் இருக்கும் இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சேஸிஸ் எண் ஹேண்டில் பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஏறுமாறாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, புதுச் சாயம் கெட்டியாகப் பூசியிருந்தாலோ, நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த வண்டிக்குக் கிராக்கி அதிகம். ஆகவே திருட்டும் அதிகம். ஒரு வண்டியின் இஞ்சினை இன்னொரு வண்டியின் சட்டத்தில் ஏற்றி விற்பதும் நடக்கிறது.

தோட்டப்புறங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வண்டி உண்மையானது, சொந்தக்காரரும் தெரிந்தவர். ஆனால் அவர் இறந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வண்டி லயத்து வீட்டின் பின்னால் தகரத்துக்குக் கீழே நிற்கும். மகனோ மருமகனோ நல்ல மனத்தோடு, "எடுத்துக்கிட்டுப் போங்க மாமா, அப்பா வண்டிதானே" என்பார். அவர் சொல்வது அன்பு. ஆனால் சட்டப்படி வண்டி இன்னும் இறந்தவர் பெயரில்தான் இருக்கிறது. வாரிசுகள் அமானா ராயா போன்ற உரிய இடத்தில் எழுத்துமூலம் உரிமை பெற்ற பிறகுதான் பெயர் மாற்ற முடியும். அந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் அலைச்சலுக்கு நீங்களும் துணை போகலாம். முழுப் பணத்தையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள். அதேபோல, பல ஆண்டுகள் சாலை வரி கட்டாமல் நின்ற வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தனி நடைமுறை இருக்கும். வண்டியைச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு இலாகா அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது. பெயர் மாற்றும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் அடையாள அட்டையோடு சேர்ந்தே போய் முடித்துவிடுங்கள்.

உங்கள் லைசென்ஸையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 250 சி.சி. வரையிலான வண்டிக்குப் பி2 லைசென்ஸ் போதும், ஆர்.எக்ஸ்.இஸட்டுக்கு அது தாராளம். ஆனால் 3 ஆண்டுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் மறுபடியும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி எடுக்க வேண்டியிருக்கும். பெரிய பையன்களின் 500, 750 சி.சி. வண்டிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதற்கு வேறு வகை லைசென்ஸ் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. சாலை வரி பாரமில்லை. 150 சி.சி. வரை ஆண்டுக்கு 2 வெள்ளிதான். காப்புறுதி விஷயம் வேறு. இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கும். வண்டி திருடு போனால் அதில் உங்களுக்குப் பணம் வராது.

காகிதம் சரி. இனி வண்டி.

போவதற்கு முன்பே விற்பவரிடம், "நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். சூடான இஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். போய்ச் சேர்ந்ததும் இஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் சூடாக்கினார் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். வழவழவென்று இறங்கிவிட்டால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வரும். இரண்டு வீச்சு இஞ்சினுக்கு அது இயல்பு. ஐந்து பத்து நிமிடம் ஓடிச் சூடான பின் அந்தப் புகை நன்றாக மெலிய வேண்டும். மெலியாமல் வெண்புகை மண்டிக்கொண்டே இருந்தால், கிராங்க் அறையின் வலப்பக்கத்து ஆயில் சீல் போயிருக்கலாம். கிளட்ச் பக்கம் இருக்கும் அந்தச் சீல் கெட்டால் இஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிடும். கியர் எண்ணெய் அளவு குறைந்துகொண்டே போவது இதன் மற்றோர் அடையாளம்.

இடப்பக்கத்துச் சீல் கெடுவது இன்னும் ஆபத்து. ஏனென்றால் அதில் புகை தெரியாது. காந்தச் சக்கரம் இருக்கும் அந்தப் பக்கத்தில் சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையும். அப்படிப்பட்ட கலவை எரியும்போது சூடு அதிகமாகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் இஞ்சின் பிடித்தால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தவர் தப்பினார்; பிடிக்காதவர் விழுந்தார். இந்தக் கோளாறை எப்படி முன்கூட்டிக் கண்டுபிடிப்பது? வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரைத் திருகிச் சட்டென்று விடுங்கள். இஞ்சின் வேகம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்று, ஓலமிட்டு, பிறகு மெதுவாக இறங்கினால் எங்கோ காற்றுப் புகுகிறது என்று அர்த்தம்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. விற்பவர் சம்மதித்தால், இஞ்சின் ஆறிய பின் புகைக்குழாயை மட்டும் சிலிண்டரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மரைகளும் ஒரு ஸ்பிரிங்கும்போலச் சிறிய வேலைதான். துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, கிக்கரை மெல்ல அசைத்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் அந்த இஞ்சின் ஏற்கெனவே ஒரு தடவை பிடித்திருக்கிறது. பத்து நிமிடச் சோதனை. இதற்கு விற்பவர் மறுப்புச் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சிலிண்டரை எத்தனை முறை கடைந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்த வண்டியின் அசல் சிலிண்டர் 56 மி.மீ. விட்டம் கொண்டது. தேய்ந்தபோது கடைந்து, 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். கடைசி அளவுவரை போய்விட்ட சிலிண்டரில் இனிக் கடைய இடமில்லை. அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துப் பேசுங்கள். இளைஞர்கள் பந்தய ஓட்டத்துக்காகத் துவாரங்களை வெட்டி உயர்த்திய சிலிண்டராக இருந்தால் நம்மைப் போன்றவர்கள் அதை வாங்காமலிருப்பதே மேல். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விலை பேசும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதை நான்கு பங்காகப் பிரித்து மூன்று பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். நான்காவது பங்கு சீராக்குவதற்கு. எவ்வளவு நல்ல வண்டி என்று சொன்னாலும் அந்தப் பங்கு செலவாகியே தீரும்.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனிச் சீராக்கும் வேலை. இங்கேதான் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் வாரமே புதுப் புகைக்குழாய், பெரிய கார்புரேட்டர் என்று வாங்கி வருவார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் நிற்க வைக்கும் பாகங்கள். முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கின் எண்ணெயை முழுவதும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் எண்ணெய். நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; பத்தாண்டு நின்ற வண்டியில் அது தேநீர் நிறத்தில் இருக்கும். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்றுங்கள். டயர் பார்வைக்குப் பட்டை நிறையவே இருக்கலாம். ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயர் கல்லாக இறுகியிருக்கும். மழை பெய்த தார்ச்சாலையில் பிடிக்காது. முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா, ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். செயினும் பல்சக்கரமும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

இந்த வேலைகளுக்கு வயது ஒரு காரணம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. 90-இல் 25 மீட்டர். இருபது வயதில் கண் பார்த்ததும் கை பிரேக்குக்குப் போனது. ஐம்பத்தைந்தில் அரை நொடி தாமதமானாலும், 90-இல் அது 12 மீட்டருக்கு மேல். இரவில் கண்ணுக்கும் வெளிச்சம் அதிகம் தேவைப்படும். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே பிரேக், டயர், விளக்கு, சிரிம் முத்திரையுள்ள புதிய தலைக்கவசம் ஆகியவற்றுக்கு முதல் செலவு. அதோடு, இந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் பொத்தான் கிடையாது, கிக்கர் மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் பத்துத் தடவை மிதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அடுத்து இஞ்சின். நின்றுகிடந்த வண்டிக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரு பக்கத்துக் கிராங்க் சீல்களையும் மாற்றிவிடுவதையே நான் சிபாரிசு செய்வேன். விலை அதிகமில்லாத ரப்பர் வளையங்கள்தாம்; அவற்றால் வரும் சேதம்தான் அதிகம். மாற்றிய பின் துவாரங்களை அடைத்து, கொஞ்சமாகக் காற்றழுத்தம் ஏற்றி, சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு இந்தச் சோதனை தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று சொல்பவரிடம் இரண்டு வீச்சு இஞ்சினைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

எண்ணெய்ப் பம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இஞ்சினின் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்புத் தருவது 2டி எண்ணெய். தனித் தொட்டியில் ஊற்றினால், ஒரு சிறிய பம்பு அதைத் தேவைக்கேற்ப இஞ்சினுக்குத் தருகிறது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகப் பம்பும் கூடுதலாகத் தரும். இரண்டையும் இணைக்கும் கேபிள் நீண்டு தொய்ந்துவிட்டால், வேகம் கூடும், எண்ணெய் கூடாது. பம்பில் இருக்கும் குறியீட்டைக் கையேட்டில் சொன்னபடி பொருத்தி, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றிவிட வேண்டும். பழைய சொந்தக்காரர் பம்பையே கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலில் நேராக எண்ணெய் கலந்து ஓட்டியிருப்பதும் உண்டு. 25-க்கு 1 என்று கலப்பவர் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் இஞ்சின் போயிற்று. பேரப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்ரோல் மட்டும் நிரப்பி வரும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். பம்பை மீண்டும் பொருத்திவிடுங்கள்.

மலைப்பாங்கான இடத்தில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டுக் கியரில் நீண்ட தூரம் இறங்கினால், இஞ்சின் வேகமாகச் சுழலும். பம்போ மிகக் குறைவாகவே எண்ணெய் தரும். ஆகவே இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டு இறங்க வேண்டும். நான்கு வீச்சு வண்டியிலேயே பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

பிறகு சுத்தம். புகைக்குழாய்க்குள்ளும் சிலிண்டரின் வெளித்துவாரத்திலும் கரி படிந்து வழியை அடைத்திருக்கும். "வண்டி முன்ன மாதிரி இழுக்கலை" என்ற புகாரில் பாதி இதனால்தான். கரியைச் சுரண்டி எடுத்தாலே பழைய பாய்ச்சல் பெருமளவு திரும்பிவிடும். காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் புதியது போடுங்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சத்தம் கூடும், வேகம் கூடியதுபோலத் தோன்றும். உண்மையில் காற்று அதிகமாகிக் கலவை வறண்டு சூடேறும். அதோடு தோட்டத்துச் செம்மண் தூசி முழுவதும் சிலிண்டருக்குள்தான் போகும். அந்தத் தூசி உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

இப்போது கார்புரேட்டர். இதில் மூன்று பகுதிகள் மூன்று வேளைக்குப் பொறுப்பு. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் திறந்திருக்கும்போதும் பைலட் ஜெட். கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை ஊசி. அதற்கு மேல் முழுதும் திறந்திருக்கும்போது மெயின் ஜெட். வண்டி எந்த நிலையில் தடுமாறுகிறது என்று கவனித்தால் எதைத் தொட வேண்டும் என்பது தெரியும். நடுவில் தடுமாறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. ஊசியின் மேலுள்ள கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஒரு படி ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்று மெக்கானிக்குக்கே தெரியாமல் போய்விடும்.

மேலும் பலம் கூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூட்டலாம், ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். வெளித்துவாரத்தை உயர்த்தி வெட்டினால் உச்ச வேகத்தில் பலம் கூடும். மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். பந்தயத் திடலில் ஓட்டுகிறவருக்கு அது லாபம். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பட்டணத்துச் சந்தைக்குப் போகிறவருக்கு, ஒவ்வொரு சந்திப்பிலும் இஞ்சினை அலறவிட்டால்தான் வண்டி நகரும். ரிங்கும் பிஸ்டனும் சீக்கிரம் தேயும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். சத்தம் கூட்டிய புகைக்குழாய்க்கு இலாகாவிடம் அபராதச் சீட்டும் கிடைக்கும். யமாஹா பொறியாளர்கள் துவாரம், குழாய், கார்புரேட்டர் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். தேய்ந்துபோன வண்டியை மட்டுமே ஓட்டிப் பார்த்தவர்கள், அசல் அளவுக்குச் சீராக்கிய ஆர்.எக்ஸ்.இஸட்டை ஒரு தடவை ஓட்டினால், இதற்கு மேல் பலம் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கழற்றும் அசல் பாகங்கள் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இப்போது அவற்றுக்குத்தான் விலை.

புதுப் பிஸ்டன் போட்ட வண்டியை முதல் 500 கிலோமீட்டருக்கு அடக்கமாக ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும், அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டும் ஓட்டுங்கள். அந்த நாள்களில் கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. 500 கிலோமீட்டர் முடிந்ததும், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில் கொஞ்ச தூரம் நன்றாக இழுத்து, கிளட்சைப் பிடித்து இஞ்சினை உடனே அணைத்து, ஓரமாக நிறுத்துங்கள். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைக்கலாம். சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த நிலையில் வண்டியை மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜெட்டைப் பெரிதாக்கிய பின்புதான் மறுபடி எடுக்க வேண்டும். பால் கலந்த தேநீர் நிறத்தில் பழுப்பாக இருந்தால், கார்புரேட்டர் மூடியை மாட்டிவிட்டுத் திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.